கரும்பலகையும் பொதுமேடையும்: ஆசிரியர் ஹன்டி பேரின்பநாயகம்

சென்ற பருவத்தில் ஈழத்து இலக்கிய வரலாற்றினை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்துப் பொதுவாழ்வில் ஆசிரியர்கள் பெற்றிருந்த இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, வாத்தியாருக்கு அரசியல் எதற்கு? பாடம் நடத்தினால் போதாதா?" என்று வினவினார். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். மணி அடித்து வகுப்புக் கலைந்த பின்னரும் அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை. அதற்கு ஏற்ற விடையை ஒரு மனிதரின் வாழ்வைக் கொண்டே கூறலாம் என்று தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

அம்மனிதர் ஹன்டி பேரின்பநாயகம். ஆசிரியர், யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் நிறுவனர், ஆசிரியர் சங்கத் தலைவர், ஆட்சியாளரையும், தேவை நேர்ந்தவிடத்துத் தம் சொந்தச் சமூகத்தின் தலைவர்களையும் எதிர்த்து நின்றவர். சட்டமன்ற இருக்கையில் ஒரு நாளேனும் அமராதவர். ஆயினும் இருக்கை மறுக்கப்பட்ட பிள்ளைகள் வகுப்பறையில் இருக்கை பெறுவதற்கு உழைத்தவர்களுள் முன்னணியில் நின்றவர்.

பிறப்பும் கல்வியும்

பேரின்பநாயகம் 1899ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள் யாழ்ப்பாணத்து மானிப்பாயிற் கிறித்தவக் குடும்பமொன்றிற் பிறந்தார். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலும், பின்னர் கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். தாம் பயின்ற யாழ்ப்பாணக் கல்லூரியிலேயே ஆசிரியராகப் பணியேற்றார்.

வட்டுக்கோட்டை என்னும் ஊர் தமிழ் மாணவர்களுக்குப் புதியதன்று. அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டு நிறுவிய செமினரி அங்கேதான் இருந்தது. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்குப் பயின்று, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். அச்செமினரியின் வழிவந்ததே யாழ்ப்பாணக் கல்லூரி. கடலின் இருகரைகளும் கல்வியால் ஒன்றுபட்டிருந்த காலம் அது. சதுரங்கப்பட்டினத்துக் கரையிலும் மாமல்லபுரத்துக் கரையிலும் பிறந்து வளர்ந்த எம் மாணவர்களுக்கு, அக்கடல் எவ்வளவு குறுகியது என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மாணவர் காங்கிரசின் தோற்றம்

1924ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இருபத்தைந்து வயதே நிரம்பிய பேரின்பநாயகமும் அவர்தம் தோழர்களும் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரசின் முதல் மாநாட்டைக் கூட்டினர். இதுவே பின்னர் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசு எனப் பெயர் பெற்றது. இதனை நடத்தியோருட் பெரும்பாலோர் இளம் ஆசிரியர்கள் என்பது கருதத்தக்கது. 'ஒறேற்றர்' என்று மக்களால் அழைக்கப்பெற்ற சி. சுப்பிரமணியம் அவர்களுள் ஒருவர்.

அவர்கள் வகுத்துக்கொண்ட குறிக்கோள்கள் அக்காலத்திற்கு மிகவும் துணிவானவை. இலங்கைக்கு முழுத் தன்னாட்சி வேண்டும். சமய, இன வேறுபாடு கடந்த ஒற்றுமை வேண்டும். தீண்டாமையும் சாதி உயர்வு தாழ்வும் ஒழிய வேண்டும். கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும். தமிழர் சிங்களமும் சிங்களவர் தமிழும் கற்க வேண்டும் என்பன அவற்றுள் தலையாயவை. கொழும்பு ஆனந்தாக் கல்லூரி முதல்வர் பி. டி எஸ். குலரத்ன போன்ற சிங்களக் கல்வியாளர்களும் அவர்தம் மேடைக்கு வந்தனர்.

1927ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திற்கு அவரை அழைத்து வரவேற்றதில் மாணவர் காங்கிரசின் பங்கு பெரிது. திங்களின் இறுதி நாள்களில் அடிகள் யாழ்ப்பாணத்தில் தங்கி, கல்லூரிதோறும் சென்று மாணவரிடையே உரையாற்றினார். கதர் நிதி திரட்டினார். மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் வற்புறுத்தினார். மகாதேவ தேசாய் இப்பயணத்தை நூலாகவே எழுதி வைத்துள்ளார். அடிகளின் வருகை, பேரின்பநாயகத்தின் பொதுவாழ்வுக்கு இறுதிவரை வழிகாட்டியாக நின்றது எனலாம்.

சம ஆசனமும் சமபந்தியும்

அக்காலத்து யாழ்ப்பாணப் பள்ளிகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அனுமதியே இல்லை. அனுமதித்த பள்ளிகளிலும் ஏனையோர் வாங்கில் அமர, இவர்கள் தரையில் அமர்த்தப்பட்டனர். ஒரே பாடம், ஒரே ஆசிரியர், ஒரே கரும்பலகை, அமரும் இடம் மட்டும் வேறு. எழுத்தறிவிக்கும் இடத்திலேயே இழிவையும் சேர்த்துக் கற்பித்தனர் என்பதே இதன் பொருள்.

1929, 1930ஆம் ஆண்டுகளில், அரசின் உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்க வேண்டும் என்று கல்வித் துறை வற்புறுத்தியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. மேல்சாதியினர் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினர். பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாக்கப்பட்டன. கற்றோரும் செல்வாக்கு மிக்கோருமே 'வழக்கத்தை மாற்றலாகாது' என்று வாதிட்டனர். இச்சூழலில் பேரின்பநாயகமும் இளைஞர் காங்கிரசும் சம ஆசனத்தின் பக்கம் உறுதியாக நின்றனர். தம் மாநாடுகளில் எல்லாச் சாதியினரும் ஒருங்கிருந்து உண்ணும் சமபந்தி விருந்தை நடத்திக் காட்டினர்.

ஈண்டு எம் ஊரின் வரலாற்றையும் நினைவுகூர்தல் பொருந்தும். அதே 1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில்தான் செங்கற்பட்டில் முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடியது. பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இட்டுக்கொள்வதைக் கைவிட வேண்டும், பெண்களுக்கு ஆண்களைப் போன்றே சொத்துரிமை வேண்டும் என்று அம்மாநாடு முழங்கியது. யாழ்ப்பாணத்தார் காந்திய நெறி நின்றோர்; செங்கற்பட்டிற் கூடியோர் காந்தியத்தோடு மாறுபட்டோர். வழிகள் வேறாயினும், கடலின் இருகரைகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே நோயைச் சுட்டி மருந்து தேடினர் என்பதில் ஐயமில்லை. ஒரு வேறுபாடு உண்டு. செங்கற்பட்டு மாநாடு பெயரிலிருந்து சாதியை நீக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் வாங்கிலிருந்து அதனை நீக்க முனைந்தனர். பள்ளி ஆசிரியன் கைக்கு எட்டிய இடம் அதுவே.

1931: புறக்கணிப்பு

காந்தியடிகள் வந்த அதே நவம்பர்த் திங்களில் டொனமூர் ஆணைக்குழுவும் இலங்கைக்கு வந்தது. அதன் பரிந்துரைப்படி அமைந்த அரசியற் சட்டம், ஆண் பெண் இருபாலாரிலும் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. ஆனால் ஆளுநரிடம் மிகுந்த அதிகாரங்களை விட்டுவைத்தது. இது தன்னாட்சி ஆகாது என்று இளைஞர் காங்கிரசு கருதியது. கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்ட 1931ஆம் ஆண்டு ஏப்ரல் மாநாட்டிற்குப் பின், தேர்தலைப் புறக்கணிக்கும் இயக்கம் முழுவேகம் பெற்றது.

மே 4ஆம் நாள் வேட்பு மனுத் தாக்கல். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒரு மனுகூட வரவில்லை. பதவி நாட்டம் கொண்டிருந்த பெரிய மனிதர்களையும் இளம் ஆசிரியர் கூட்டமொன்று ஒதுங்கி நிற்கச் செய்த அரிய நிகழ்ச்சி அது. தென்னிலங்கை முற்போக்காளர் சிலர் இதனை வெகுவாகப் பாராட்டினர். ஆயினும் எவரும் பின்பற்றவில்லை. மூன்றாண்டுகள் அந்நான்கு தொகுதிகளும் உறுப்பினரின்றி இருந்தன. 1934ஆம் ஆண்டில் இடைத்தேர்தல் நடைபெற்றது.

பேரின்பநாயகத்தின்பால் மதிப்புடைய நாமும் இவ்விடத்தில் ஒன்றைக் கூறாதிருத்தல் முறையன்று. 1931ஆம் ஆண்டுத் தேர்தலிலேதான் இலங்கையின் ஏழையும் ஒடுக்கப்பட்டோரும் முதன்முறையாக வாக்களிக்கும் உரிமை பெற்றனர். சம ஆசனத்திற்காக எந்த மக்களின் பக்கம் இளைஞர் காங்கிரசு நின்றதோ, அந்த மக்களின் முதல் வாக்கு அதே காங்கிரசின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் பயன்படாமற் போயிற்று. முழுவிடுதலை என்னும் பெரிய இலக்கை நோக்கிய கண்களுக்குக் கைக்கு வந்த சிறிய உரிமையின் அருமை புலப்படவில்லை போலும். புறக்கணிப்பினால் வடபகுதித் தமிழர் செல்வாக்கிழந்தனர் என்று குறை கூறுவோரும் உளர். கொள்கைப் பற்றினைப் போற்றும்போதே அதன் விலையை யார் செலுத்தினர் என்று கேட்பதும் கற்றோர் கடமை.

ஆசிரியர் இயக்கத்தில்

புறக்கணிப்பிற்குப் பின் இளைஞர் காங்கிரசு படிப்படியாகத் தளர்ந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவமும், பின்னர் ஜி. ஜி. பொன்னம்பலத்தின் 'ஐம்பதுக்கு ஐம்பது' கோரிக்கையும் தமிழ் அரசியலின் மைய முழக்கங்களாயின. பேரின்பநாயகம் அவற்றை ஏற்கவில்லை. கூட்டம் ஒரு பக்கம் திரண்டபோது மறுபக்கம் நின்றார். தேர்தற் களத்தில் அவருக்கு வெற்றி வாய்க்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் அவர் வெறுமனே ஒதுங்கி இருக்கவில்லை. அவரது உழைப்பு ஆசிரியர் இயக்கத்தில் ஊன்றியது. வடமாகாண ஆசிரியர் சங்கத்திலும், அகில இலங்கை ஆசிரியர் சங்கத்திலும் தலைமைப் பொறுப்பேற்றுப் பணிபுரிந்தார். பின்னது சிங்களரும் தமிழரும் முசுலிம்களும் ஒருங்கே அங்கம் வகித்த அமைப்பு என்பது சிறப்பாகக் கருதத்தக்கது. நாட்டின் அரசியல் இனவாரியாகப் பிளந்துகொண்டிருந்த காலத்தில், ஊதியத்தையும் பணிப் பாதுகாப்பையும் கல்விக் கொள்கையையும் பற்றி மூவினத்து ஆசிரியர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினர். சம ஆசனம் என்பது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை அம்மேசை காட்டிற்று.

அக்காலத்து உதவிபெறும் பள்ளி ஆசிரியரின் நிலை யாது? அரசு மானியம் தந்தது. நிருவாகம் பள்ளியை நடத்தியது. ஆசிரியர் இருவருக்கும் இடையில் நின்றார். பணிப் பாதுகாப்பு, ஒழுங்கான ஊதியம், ஏனைய குடிமக்களைப் போலப் பொதுவாழ்வில் ஈடுபடும் உரிமை ஆகிய மூன்றையுமே ஆசிரியர் இயக்கங்கள் எங்கும் கேட்டு வந்துள்ளன. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், முன்னாட் பேராசிரியரான ஜோசப் முண்டசேரி கல்வி அமைச்சராக இருந்து 1957ஆம் ஆண்டில் கொணர்ந்த கல்வி மசோதாவின் உயிர்நாடியும் இதுவே. தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும், 1976ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் ஆசிரியருக்குப் பணிப் பாதுகாப்பினை வழங்கின. இவை தாமாக வந்த கொடைகள் அல்ல. சங்கங்கள் நெடுநாள் கேட்டுப் பெற்றவை.

இதனைக் கூறும்போது எம் சொந்த அனுபவம் ஒன்றையும் மறைக்க இயலவில்லை. நாம் இப்பணியில் அடியெடுத்து வைத்த காலத்தில் வேறொரு மாவட்டத்துக் கல்வி நிறுவனத்தில் பணியாற்றினோம். பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையொப்பமிடுவோம். கையிற் கிடைப்பது அதனினும் குறைவு. வீட்டில் தங்கையின் நிக்காஹ் செலவு காத்திருந்தது. கேட்க நாவெழவில்லை. சங்க உறுப்பினரான மூத்த ஆசிரியர் ஒருவர் எமக்காகவும் எம்மைப் போன்றோர்க்காகவும் கேட்டார். சில திங்களில் முழு ஊதியம் வந்தது. அடுத்த கல்வியாண்டில் அவருடைய பணி புதுப்பிக்கப்படவில்லை. அவர் விடைபெற்றுச் சென்ற நாளில் ஆசிரியர் அறையில் பலர் இருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை, நாமும் திறக்கவில்லை. சங்கம் எதற்கு என்று வினவுவோர்க்கு நாம் தரும் விடை அம்முழு ஊதியம். சங்கத்தில் சேர்ந்தால் மட்டும் போதுமா என்று எம்மை நாமே வினவும்போது கிடைக்கும் விடை அந்நாளைய எமது மௌனம்.

கல்விப் பணி

1943ஆம் ஆண்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான குழு, மழலை வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1945ஆம் ஆண்டு அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. தாய்மொழிக் கல்வியும் ஏழைக்குக் கல்வியும் வேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு முன்னரே முழங்கியவர்கள் யாழ்ப்பாணத்து இளம் ஆசிரியர்கள் என்பதை வரலாறு மறவாது.

1949ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டு வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் முதல்வராகப் பேரின்பநாயகம் பணியாற்றினார். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து, கிறித்தவக் கல்லூரியிற் பயின்றவர், இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் அமர்த்தப்பெற்றார். அவரைத் தெரிந்தெடுத்தோரின் பெருந்தன்மையையும் இங்குப் பாராட்ட வேண்டும்.

இதற்கு இணையான ஒன்று கொழும்பில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்திற் பிறந்து, அவ்வூர் இந்துப் பள்ளிகளிற் பயின்ற ஏ. எம். ஏ. அசீஸ், 1948ஆம் ஆண்டு முதல் 1961ஆம் ஆண்டு வரை கொழும்பு சாகிராக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். செனட் சபை உறுப்பினராகவும் விளங்கினார். தமிழாய்வுலகம் போற்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி அச்சாகிராவின் மாணவர். அங்கே ஆசிரியராகவும் பணியாற்றியவர். ஒரு சமூகம் நிறுவும் கல்லூரி அச்சமூகத்தின் சொத்து. அங்கு நடைபெறும் கல்வியோ ஊரின் சொத்து. இம்மலரை வெளியிடும் எம் கல்லூரியின் மூத்தோரும் இக்கருத்தோடு உடன்படுவர் என்பது எம் நம்பிக்கை.

ஓய்வுக்குப் பின் 1961ஆம் ஆண்டின் தேசியக் கல்வி ஆணைக்குழுவில் பேரின்பநாயகம் உறுப்பினராக இடம்பெற்றார். வாழ்நாள் முழுதும் எதிர்த்தரப்பில் நின்றவரின் கல்வியறிவை நாடு பயன்படுத்திக்கொண்ட தருணம் அது.

நம்பிக்கையும் அதன் முறிவும்

அவர் கண்ட கனவு நிறைவேறவில்லை. 1956ஆம் ஆண்டு சூன் திங்களில் 'சிங்களம் மட்டும்' சட்டம் நிறைவேறியது. இருமொழியையும் இருசாராரும் கற்கவேண்டும் என்று 1920களில் உரைத்தவருக்கு அது எத்தகைய அடியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 1976ஆம் ஆண்டில், அவர் மாணவராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்த அதே வட்டுக்கோட்டையிற் கூடிய மாநாடு தனி நாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1977ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் மறைந்தார். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும், 1990ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் யாழ்ப்பாண முசுலிம்கள் சில மணி நேரத்திற்குள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டதையும் காண அவர் இல்லை. எவர் இழைத்தாலும் அநீதி அநீதியே என்று கூறும் நாவு ஒன்று அவ்வூரிற் குறைந்துபோயிருந்தது.

1980ஆம் ஆண்டில் சாந்தசீலன் கதிர்காமர் அவர் நினைவாக மலரொன்றைத் தொகுத்தளித்தார். அதனாலேயே இளைஞர் காங்கிரசின் வரலாறு மறைந்து போகாமல் நிலைத்தது எனலாம்.

நமக்குரிய பாடம்

ஆசிரியர் பொதுவாழ்வில் பங்கேற்க வேண்டும் என்பதை இந்திய அரசியல் சட்டமே ஏற்றுள்ளது. அதன் 171ஆம் விதி, சட்டமேலவை உள்ள மாநிலங்களில் உறுப்பினருள் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்க வழிவகுக்கிறது. தமிழ்நாட்டில் 1986ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மேலவை கலைக்கப்பட்டதோடு அவ்வாயில் அடைபட்டது. 2003ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பெரும்பாலோர் பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டனர். அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று கூறியது. ஆசிரியர் தம் குரலை எங்கே, எவ்வாறு எழுப்புவது என்னும் வினா இன்றும் உயிரோடு இருக்கிறது.

அவ்வினாவிற்குப் பேரின்பநாயகத்தின் வாழ்வு ஓர் எல்லைக்கோட்டினையும் வரைந்து காட்டுகிறது. வகுப்பறையைக் கட்சி மேடையாக்குதல் வேறு. வகுப்பறையில் நடக்கும் அநீதியைப் பொதுமேடைக்குக் கொண்டு செல்லுதல் வேறு. முன்னது மாணவரின் சிந்தனைக்குத் தளையிடும். பின்னது மாணவருக்கு அமர ஓர் இடம் தேடித் தரும். அவர் செய்தது பின்னது.

எம் மாணவரின் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். தம்பி, பாடம் நடத்தினால் போதும்தான். ஆனால் பாடம் நடத்தும் அறையில் ஒரு பிள்ளை தரையிலும் மற்றொரு பிள்ளை வாங்கிலும் அமர்ந்திருந்தால், முதலில் அதனைச் சரிசெய்த பின்னரே பாடம் தொடங்க இயலும். சரிசெய்யப் புகும் ஆசிரியரை உலகம் அரசியல்வாதி என்று அழைக்கும். அவருக்குப் பதவி கிட்டாமற் போகலாம். வேலையே போகவும் கூடும். அந்நாளில் ஆசிரியர் அறையில் ஒருவரேனும் எழுந்து நின்று பேச வேண்டும். நாம் ஒரு முறை பேசத் தவறினோம். நீங்கள் தவறாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதினோம்.